எல்டன் ரிங் விளையாட்டில் மார்கிட்டை எப்படி வீழ்த்துவது?

சாமுராய் வகைக் கதாபாத்திரத்தை எடுத்திருக்கிறேன், லெவல் 15, ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குப் போகும் பாலத்தில் மார்கிட் என்ற பெரிய எதிரி (பாஸ்) விடவே மாட்டேன் என்கிறான், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பாலத்தை விட்டுக் கிளம்புங்கள். உண்மையாகவே சொல்கிறேன். 2022இல் இந்த விளையாட்டு வந்ததிலிருந்து புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம், தங்கநிற ஒளிக்கோடு நேராக அவனிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுகிறது. ஆனால் ஆரம்பப் பகுதியான லிம்கிரேவ் முழுவதும், அதற்குத் தெற்கே வீப்பிங் பெனின்சுலா முழுவதும் உங்களுக்காகத் திறந்துதான் கிடக்கின்றன. மார்கிட்டை அங்கே நிறுத்தியிருப்பதே, போய் ஊரைச் சுற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பத்தான் என்பது என் கருத்து.

சுற்றுவது என்றால் சும்மா திரிவது இல்லை. அகீல் ஏரிக்கு வடக்கே லிம்கிரேவ் டனல்ஸ் என்ற சுரங்கம் இருக்கிறது, அங்கே ஆயுதத்தை மேம்படுத்தும் முதல் நிலை ஸ்மிதிங் ஸ்டோன் கிடைக்கும். உங்கள் வாளான உச்சிகடானாவை +3 வரை ஏற்ற மொத்தம் 12 கல் போதும் (2, 4, 6 என்று கூடிக்கொண்டே போகும்), அதை சர்ச் ஆஃப் எல்லேயில் இருக்கும் பட்டறைக்கல்லிலேயே செய்துகொள்ளலாம். இந்தக் கட்டத்தில் நாலைந்து லெவல் ஏறுவதைவிட இந்த +3 அதிகம் வெட்டும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அப்புறம் பெனின்சுலாவில் மூன்று தேவாலயங்களில், குடித்து உயிரைக் கூட்டும் ஃபிளாஸ்க்கை வலுவாக்கும் சேக்ரட் டியர் இருக்கிறது, லிம்கிரேவில் தர்ட் சர்ச் ஆஃப் மரிகாவில் இன்னொன்று. நான்கையும் எடுத்தால் ஒவ்வொரு மிடறும் நன்றாகவே உயிரைக் கூட்டும். வழியில் எதிரிகளை வீழ்த்திச் சேரும் ரூனையெல்லாம் (லெவல் ஏறச் செலவாவது இதுதான்) உயிரளவைக் கூட்டும் விகரில் போடுங்கள், 20 வந்தால் ஓரடியில் சாகும் நிலை பெரும்பாலும் போய்விடும். ஆயுதம், கவசத்தின் சுமை 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரோல் (உருண்டு தப்புவது) கனத்துப்போய் எதையும் தவிர்க்க முடியாது.

குதிரை கிடைத்த பிறகு சர்ச் ஆஃப் எல்லேக்கு இரவில் திரும்பிப் போனீர்களா? அங்கே ரென்னா என்று ஒருத்தி சுவர்மேல் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் பேசினால் ஆவித் துணைகளைக் கூப்பிடும் மணியும் ஓநாய்ச் சாம்பலும் தருவாள். மூன்று ஓநாய்கள், மார்கிட்டின் கவனத்தைக் கலைக்க இதைவிட நல்ல துணை அந்த நேரத்தில் கிடையாது. மார்கிட்டிடம் நுழையும் பனிவாசலுக்கு முன்னால், ரோஜியர் என்ற மந்திரவாதியைத் துணைக்கு அழைக்கும் தங்கக் குறியும் இருக்கும். அவரைக் கூப்பிட்டால் பாஸின் ஆயுள் கொஞ்சம் கூடும், ஓநாய்களால் கூடாது. இரண்டையும் சேர்த்தே கூப்பிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விளையாட்டே கொடுத்த வசதிதான் அது.

சரி, இனி சண்டை. மார்கிட்டிடம் உயிர் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அவன் கைத்தடியைத் தலைக்கு மேல் ஓங்குவான், உடனே உங்கள் கட்டைவிரல் ரோலை அழுத்திவிடும், அவன் கையோ அப்படியே நிற்கும். நீங்கள் உருண்டு முடித்து எழும் அந்த நொடியில்தான் தடி இறங்கும். மெதுவாக வரும் பந்துக்கு முன்னாலேயே மட்டையை வீசி போல்ட் ஆவது மாதிரி. ஆகவே ஓங்குவதைப் பார்த்து அழுத்தாதீர்கள், இறங்கத் தொடங்குவதைப் பார்த்து அழுத்துங்கள். கேட்க எளிது, விரல் பழக நேரம் பிடிக்கும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன்: ஜெயிக்கும் எண்ணமே இல்லாமல், கையில் இருக்கும் ரூனை முன்கூட்டியே செலவழித்துவிட்டு உள்ளே போங்கள். வாளை வீசவே வேண்டாம். அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு உருளுங்கள். எந்த அடி தாமதமாக வருகிறது, எந்த அடிக்குப் பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அடுத்தடுத்துப் பார்க்கும்போது உடம்புக்கே தெரிந்துவிடும்.

பின்னால் விலகி உருளாதீர்கள். விலகினால் ஒளிக்கத்தியை வீசுவான், இல்லை பாய்ந்து வந்து அடிப்பான். அவனை நோக்கி, தடி வரும் பக்கத்தைத் தாண்டி உருண்டால் அவன் விலாப்பக்கம் போய் நிற்பீர்கள், அங்கிருந்து ஒன்றிரண்டு வெட்டு, போதும், மூன்றாவதுக்கு ஆசைப்பட வேண்டாம். முதுகுப்பக்கமே தங்கிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், வாலைச் சுழற்றுவான். உச்சிகடானாவில் ரத்தக்கசிவு இருப்பதால் அந்த ஒன்றிரண்டு வெட்டே சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் ஆயுளில் பெரிய துண்டாகக் கழியும். பெரிய அடிக்குப் பின் அவன் தள்ளாடி நிற்கும்போது உங்கள் வாளோடு வரும் அன்ஷீத் என்ற சிறப்புத் தாக்குதலைப் போட்டுப் பாருங்கள், கனமான வெட்டு நிலைகுலையவும் வைக்கும். நிலைகுலைந்து மண்டியிட்டால் முன்னால் போய் நின்று அடியுங்கள், அந்த ஒரு குத்து பத்து வெட்டுக்குச் சமம்.

ஃபிளாஸ்க் குடிப்பதில் கவனம். தூரத்தில் நின்று தூக்கினாலே கத்தி பறந்து வரும். ஒரு நீண்ட தாக்குதல் முடிந்த உடனே, அல்லது ஓநாய்கள் பக்கம் அவன் திரும்பியிருக்கும்போது குடியுங்கள்.

ஆயுள் கிட்டத்தட்ட பாதியை நெருங்கும்போது ஒளியால் ஆன பெரிய சுத்தியலை உருவாக்கிக்கொண்டு மேலே எழும்பி இறங்குவான். பார்க்கப் பயமாக இருந்தாலும் முந்தைய தடியைவிட இதைப் படிப்பது எளிது என்றே நினைக்கிறேன், உச்சத்திலிருந்து கீழே வரத் தொடங்கியதும் உருண்டால் போதும். உண்மையில் ஆபத்து கத்தியும் தடியும் கலந்து வரும் அந்தத் தொடர்தான். அது வரும்போது அடிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இன்னொரு உதவியும் உண்டு. லிம்கிரேவில் உள்ள மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்பவன் உங்களைத் தாக்குவான். அடித்து, அவன் சரணடைந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு வியாபாரியாகி மார்கிட்டின் விலங்கை (அவனைக் கட்டிப்போடும் பொருள்) 5,000 ரூனுக்கு விற்பான். சுத்தியல் வருவதற்கு முந்தைய முதல் கட்டத்தில் அதைப் பயன்படுத்தினால் மார்கிட் சில நொடி தரையோடு கட்டுண்டு கிடப்பான். இருந்தால் நல்லது, இதற்காகவே ரூன் சேர்த்து அலைய வேண்டியதில்லை, அந்த 5,000ஐ லெவலில் போட்டாலும் சரிதான்.

வீழ்த்தியதும் 12,000 ரூனும் கூடுதலாக ஒரு தாலிஸ்மன் (தாயத்து) அணிய உதவும் பையும் கிடைக்கும். அந்த ரூனை அங்கேயே கிரேஸ் என்ற ஓய்விடத்தில் உட்கார்ந்து செலவழித்துவிட்டுக் கோட்டைக்குள் போங்கள். வாசலில் கோஸ்டாக் என்ற காவலாளி, பெரிய கதவு வேண்டாம், பக்கவழியாகப் போ என்பான். அவன் சொல்லும் வழி சரியானதுதான், முன்கதவுக்குப் பின்னால் அம்பு எந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் உள்ளே நீங்கள் சாகும்போது கீழே விழும் ரூனில் ஒரு பங்கை அவனே எடுத்துக்கொள்வான், அதனால் கையில் அதிகம் வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள்.