பூனைகளைக் காப்பவருக்குத் தோள்கொடுப்பது எப்படி?

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் பல ஆண்டுகளாகத் தெருப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, நோயுற்றவற்றைப் பராமரித்துவரும் ஓர் அக்காவுக்கு, விலங்கு மருத்துவமனையில் பெரிய தொகை பாக்கி விழுந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அவருடைய வரவுசெலவு நோட்டை எழுதிவருபவள் நான். நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

பணத்தை அவர் கையில் கொடுப்பதா, மருத்துவமனையில் கட்டுவதா? (செங்காங் இளைஞர்)

பாக்கியை மருத்துவமனையிலேயே கட்டுங்கள், தம்பி. அவர் பெயரைச் சொல்லிக் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சிறு தொகையை அவர் கையிலும் கொடுங்கள். போன மாதம் ஓர் ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அது ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். சேர்ப்பதற்கு முன்பணம் கேட்டார்கள். அக்கா தேக்காவில் ஒற்றை வளையலை அடகு வைத்துக் கட்டினார். அந்த அடகுச்சீட்டு நோட்டின் நடுப்பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மாதம் 20 வெள்ளிதான் என்னால் முடியும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (பிடோக்)

கூச்சமே வேண்டாம். ஒரே தடவை 200 வெள்ளி தருவதைவிட மாதந்தோறும் தவறாமல் வரும் 20 வெள்ளியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அதை நம்பித் தீனியும் பூனைகள் மலம் கழிக்கும் மணலும் வாங்கலாம். உங்களைப்போல் பத்துப் பேர் சேர்ந்தால் மாதம் 200 வெள்ளி உறுதி.

வருமான வரிக்கழிவு கிடைக்குமா?

தனிமனிதருக்குக் கொடுத்தால் கிடையாது. பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனத்துக்குத் தரும் நன்கொடைக்கே 250 விழுக்காடு கழிவு உண்டு.

எங்கள் புளோக்கில் வீடு வீடாகச் சென்று வசூலிக்கலாமா? (ஈசூன்)

அதற்குக் காவல்துறை உரிமம் வேண்டும். தெருவில் உண்டியல் ஏந்தவும் அப்படியே. உறவினர், நண்பர்களிடம் கேளுங்கள், போதும்.

உண்மையாக உழைப்பவரை எப்படி அடையாளம் காண்பது?

ரசீதைக் கேளுங்கள். தேதியும் பூனையின் விவரமும் அதில் இருக்கும். பிறகு ஒரு நாள் மாலையில் அவருடன் நடந்து பாருங்கள். அவர் தீனி வைக்கும் பூனைகளின் இடது காதைக் கவனியுங்கள். நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை முடிந்த பூனை. எங்கள் அக்காவின் வட்டாரத்தில் கூர்க்காதுப் பூனையைக் காண்பது அரிது. நேர்மையானவர் கணக்கு கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணமாக எதுவும் தர இயலாது. வேறு உதவி உண்டா? (உட்லண்ட்ஸ்)

கார் இருக்கிறதா? அதுவே பேருதவி. பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும் பூனையை ஏற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு மருத்துவப் பயணத்துக்கும் வாடகைக் கார்தான். நோட்டில் அந்தச் செலவு ஒரு பக்கத்தை நிரப்புகிறது. கார் இல்லையென்றால், கண் திறவாத குட்டிகளுக்கு ஓர் இரவு பால் புகட்டுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டும். அக்கா ஓர் இரவாவது முழுசாகத் தூங்குவார்.

அவர் மேலும் மேலும் பூனைகளைக் கொண்டுவருகிறாரே! உதவ உதவக் கடன்தானே கூடும்? (தேக்கா)

நியாயமான கேள்வி. நானும் அவரிடம் இதைப் பேசியிருக்கிறேன். பாக்கி தீரும்வரை புதிய பூனையை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, கருத்தடை மட்டும் தொடரட்டும் என்பது என் உறுதியான கருத்து. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைபடும்; சினைக்காலம் சுமார் 9 வாரம். ஒரு கருத்தடையைத் தள்ளிப்போட்டால் அடுத்த ஈற்றுக் குட்டிகளின் செலவும் சேர்ந்துவிடும். சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் 1 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் 2 பூனைகள் வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். நீங்கள் ஒரு பூனையைத் தத்தெடுத்தால் அவர் சுமை அந்த அளவுக்கு இறங்கும்.

அவர் யாரிடமும் எதுவும் வாங்க மறுக்கிறாரே?

மறுப்பார், எனக்குத் தெரியும். வாக்குவாதம் செய்யாதீர்கள். மருத்துவமனையில் கட்டிவிட்டு ரசீதை என்னிடம் கொடுங்கள். நோட்டில் ஒட்டிவிடுகிறேன்.