பழைய கார் வாங்கியதும் இன்ஜின் ஃப்ளஷ் செய்யலாமா?

90,000 கி.மீ. ஓடிய பழைய கார் வாங்கியிருக்கிறேன், இன்ஜின் ஃப்ளஷ், அதாவது ரசாயனம் ஊற்றி இன்ஜினுக்குள் படிந்த கசடைக் கழுவுவது, செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாங்க. முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அடிப்பக்கம் பாருங்கள். தார் மாதிரி கருப்பாக அப்பியிருந்தால் ஃப்ளஷ் பக்கமே போகாதீர்கள், ஒரேயடியாகப் பெயரும் கசடு ஆயில் பம்ப்பின் சல்லடையில் அடைத்துக்கொண்டால் இன்ஜினே போய்விடும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 2,000 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள், அது போதும். கூலன்ட், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர் எல்லாம் புதிதாகவே போட்டுவிடுங்கள். இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டியா? மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றாத கணக்குதான். அறுந்தால் பெரும்பாலும் வால்வு வளையும். அப்புறம், திருப்பூர்ப் பக்கம் ஓடிய வண்டியென்றால் ரேடியேட்டரில் டார்ச் அடித்துப் பாருங்கள், என் வண்டியில் பனியன் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்ததுங்க.