180 கட்டுரை எழுதிய டாக்டர்

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். அந்த டாக்டர் நரம்பியலிலும் முதுகெலும்பு அறுவையிலும் 180 கட்டுரை எழுதியவராம். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். குடும்பப் பெயர், ஓர் இடைவெளி, பிறகு புள்ளி வைக்காமல் இனிஷியல். இப்படி அடித்தால் பட்டியல் வரும். ஆனால் அதே பெயரும் இனிஷியலும் உள்ள இன்னொருவரின் கட்டுரைகளும் அதில் கலந்திருக்கும். ஒவ்வொரு கட்டுரையிலும் பெயர்களுக்குக் கீழே உள்ள பணியிட விவரத்தைத் திறந்து பாருங்கள். ஆய்வாளருக்கென்று தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்கிட் எண் இருந்தால் ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஆனால் அந்த எண்ணுக்குரிய ஆர்கிட் பக்கத்தைப் பெரும்பாலும் ஆய்வாளரே நிரப்புகிறார். அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு அந்த 180-ஐப் பிரியுங்கள். இடப்பக்க வடிகட்டியில் கட்டுரை வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பு, ஆசிரியருக்குக் கடிதம், பிறர் ஆய்வுகளின் தொகுப்பு எல்லாமே தலா ஒரு கட்டுரையாக எண்ணிக்கையில் சேரும். ஒற்றைத் தலைவலி பற்றி நாற்பது கட்டுரை எழுதியவருக்கு டிஸ்க் அறுவை அனுபவம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மருத்துவ இதழ்களில் வேலையில் பெரும்பங்கு செய்தவர் பெயர் பொதுவாக முதலிலும், வழிநடத்திய மூத்தவர் பெயர் கடைசியிலும் வரும். எப்போதும் நடுவிலேயே வரும் பெயர் என்றால், பங்கு என்னவென்று கேட்கலாம்.

கேள்வி: எச்-இன்டெக்ஸ் 40 என்றால்?

பதில்: குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று பொருள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த கணக்கு இது. வயது ஏற ஏற ஏறும். எழுதுவதை நிறுத்தினாலும் இறங்காது. கத்தி பிடிக்கும் கையைப் பற்றி இது எதுவும் சொல்லாது.

கேள்வி: '90 சதவீதம் வெற்றி' என்று கட்டுரைச் சுருக்கத்தில் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: முதலில் வெற்றி என்று எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். எலும்பு கூடியதா, வலி குறைந்ததா, நோயாளி நடந்தாரா? முதுகுவலியால் அன்றாட வாழ்வில் எவ்வளவு சிரமம் என்று அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோல் ஆய்வுகளில் அடிக்கடி வரும்; எண் கூடினால் சிரமம் கூடுதல். 10 பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டி இரட்டித்தால் சதவீதம். 44 என்பது 40 ஆனால், ஆட்கள் நிறைய இருந்தால் புள்ளியியல் அதை முக்கியம் என்றே காட்டும். படுக்கையில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஏறக்குறைய 10 புள்ளியாவது இறங்கியதா என்று பாருங்கள்.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. எலும்பு முறிந்த முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டியை, ஒப்பீடு இல்லாத பல கட்டுரைகள் புகழ்ந்தன. 2009-ல் இரண்டு ஆய்வுகள் அதை, சிமென்ட் செலுத்தாமல் செய்தது போலக் காட்டும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டன. போலிக் குழுவினருக்கும் சந்தேகம் வராதபடி அறையில் சிமென்ட் வாசனை வரச் செய்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரு குழுவுக்கும் வலியில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தாலும் சிக்கல் வரும். உங்கள் அப்பாவின் பிரச்சினையையே ஆராய்ந்த ஸ்போர்ட் என்ற அமெரிக்க ஆய்வில் (2006) 501 பேர். அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 3 மாதத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்கள் 50%. அறுவை வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களிலும் 30% பேர் அதற்குள் செய்துகொண்டார்கள். இப்படிக் கலந்துவிட்டால் ஒதுக்கியபடி கணக்கிடும்போது பலன் குறைவாகத் தெரியும். ஒதுக்கீட்டை விட்டு, செய்துகொண்ட சிகிச்சைப்படி கணக்கிட்டால் தேர்ந்தெடுப்பின் சாய்வு புகுந்துவிடும்; அதாவது, தாமே அறுவையைத் தேர்ந்தவர்களும் தேராதவர்களும் முதலிலிருந்தே ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். இரு கணக்கையும் வெளிப்படையாகத் தரும் கட்டுரையே நேர்மையானது.

கடைசிப் பக்கத்தில் நிதி யார் தந்தார்கள் என்றிருக்கும். தவிர்க்காமல் படியுங்கள். முதுகெலும்பு அறுவையில் எலும்புகளை இணைக்கப் பயன்படும் எலும்பு வளர்ச்சிப் புரதம் ஒன்றைப் பற்றித் தொழில் நிறுவன உதவியோடு வந்த 13 கட்டுரைகளில், அதைப் பெற்ற 780 பேரில் ஒருவருக்கும் அதனால் பக்கவிளைவு இல்லை என்றிருந்தது. 2011-ல் ஸ்பைன் ஜர்னல் மறுஆய்வு வெளியிட்டது. அதன்படி, செலுத்தும் முறையைப் பொறுத்து பக்கவிளைவு 10 முதல் 50 சதவீதம்!

கேள்வி: ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் மோசடி என்று அர்த்தமா?

பதில்: எல்லா நேரமும் இல்லை. கணக்குப் பிழையைத் தாமே கண்டுபிடித்துத் திரும்பப் பெறுபவர்களும் உண்டு. பப்மெட்டில் கட்டுரையின் பக்கத்தில் அறிவிப்பு தெரியும். அதைச் சொடுக்கினால் பெரும்பாலும் காரணமும் கிடைக்கும்.