முதல் ஊசி யாருக்கு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தேவனாம்பட்டினம்: கொள்ளைநோய்க் காலத்தில் மீனவர் கிராமத்தில் முதல் ஊசி வயதானவர்களுக்கா, கடலுக்குப் போகிறவர்களுக்கா?

வந்திருக்கும் மருந்து எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். சாவைத் தடுக்கும் என்பது மட்டும் உறுதி என்றால் வயதுதான் முந்தும். 2021 மார்ச் 1-ல் கொரோனா தடுப்பூசிக்கு 60 வயது நிரம்பியவர்களையும், இணைநோய் (உடம்பில் ஏற்கெனவே இருக்கும் வேறு நோய்) உள்ள, 45 வயது நிரம்பியவர்களையும் முன்னே கூப்பிட்டது இந்தக் கணக்கில்தான். பரவலையும் நன்றாகத் தடுக்கும் என்றால் வரிசை மாறும். அப்போதும் கடலுக்குப் போகிறவர் முதலில் வரமாட்டார். அவர் படகில் நாலைந்து பேரோடு இருக்கிறார். கூடை தூக்கி மீன் விற்கும் பெண் ஒரு நாளில் நூறு பேரிடம் பேசுகிறார்.

முகாமைக் காலை 9 மணிக்கு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று எழுதாதீர்கள். அது மீன் விற்கும் நேரம். மாலையில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள்.

முதலியார்பேட்டை: எனக்கு 52 வயது, சர்க்கரை இருக்கிறது. 2021-ல் ஏன் திருப்பி அனுப்பினார்கள்?

அன்றைய 20 இணைநோய்ப் பட்டியலில் வெறும் சர்க்கரை இல்லை. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட சர்க்கரை அல்லது அதனால் வந்த சிக்கல், அதோடு மருந்து சாப்பிடும் ரத்த அழுத்தம், இவை சேர்ந்தால்தான் கணக்கு. பதிவு பெற்ற மருத்துவரின் சான்றும் வேண்டும். மாத்திரை அட்டையைக் காட்டினால் போதாது. ஏப்ரல் 1-ல் 45 வயது நிரம்பிய எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், அதன் பிறகு இந்தக் கேள்வியே இல்லை.

கடலூர் முதுநகர்: தனியார் மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கிறேன். பணியாளர் பட்டியலில் ஏஜென்சி ஆட்களையும் சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டுமா என்று கேட்கிறீர்களே! நோயாளியின் படுக்கை விரிப்பைச் சுருட்டுகிறவர் யார்? கழிவுப் பையைக் கட்டுகிறவர், உடலைப் பொதிகிறவர் யார்? பெரும்பாலும் ஏஜென்சி ஆட்கள்தான். சம்பளப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதினால் கணக்குப் பிரிவு குமாஸ்தா உள்ளே வருவார், பிணவறை உதவியாளர் வெளியே நிற்பார். 2021 பட்டியலில் துணைப் பணியாளர் என்றே தனிப் பிரிவு இருந்தது. விதியில் குறையில்லை, எழுதிய கையில்தான் குறை.

இன்னொரு பக்கம், ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத உறவினர்கள் ‘பணியாளர்’ ஆனார்கள். தகுதியில்லாதவர்கள் நுழைகிறார்கள் என்று மத்திய சுகாதாரத் துறை 2021 ஏப்ரல் தொடக்கத்தில் சுகாதார, முன்களப் பணியாளர் பிரிவுகளில் புதுப் பதிவையே நிறுத்தியது. திருட்டுத்தனமாக நுழைந்தவர் ஊசியோடு போய்விட்டார். உண்மையிலேயே விடுபட்டவருக்குக் கதவு சாத்தப்பட்டது.

ஆகவே மூன்று ஏடுகளை ஒப்பிடுங்கள்: சம்பளப் பதிவேடு, ஏஜென்சியின் வருகைப் பதிவு, வாயில் காவலாளியின் நோட்டு. இரவு ஷிஃப்டில் ஒருமுறை நேரில் போய்த் தலை எண்ணுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சலவை, கேன்டீன் ஆட்களை விடாதீர்கள். பதவிப் பெயருக்குப் பக்கத்தில் ‘எதைத் தொடுகிறார்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். வரிசை தானாக வரும். மயானப் பணியாளர்களை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும், அவர்கள் உங்கள் ஏட்டில் இருக்க மாட்டார்கள். எத்தனை முறை சொன்னாலும் சரி: முதலில் எண்ணுங்கள், பிறகு எழுதுங்கள்.

வில்லியனூர்: எங்கள் ஊருக்கு எவ்வளவு மருந்து கேட்கலாம்?

மக்கள்தொகையும் எழுதவில்லை, எந்தப் பிரிவு என்றும் எழுதவில்லை. நான் ஜோசியமா பார்க்கிறேன்? சூத்திரம் தருகிறேன், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2021 கணக்கில் 10 சதவீதம் சேதாரம் விட்டு, ஆட்களை 1.11-ஆல் பெருக்கினார்கள். 500 பேருக்கு ஒரு தவணைக்கு 555 டோஸ். பத்து டோஸ் குப்பியில் 56 குப்பி. மறுபடியும் அதே பேச்சுதான்: எண்ணிவிட்டுக் கேளுங்கள்.

கோரிமேடு: முகாம் முடியும்போது மூன்று டோஸ் மீந்தால் கவுன்சிலர் சொல்லும் ஆளுக்குப் போடலாமா?

கூடாது. 2021 விதிப்படி குப்பி திறந்தால் நாலு மணி நேரம், அதற்குப் பிறகு கொட்ட வேண்டியதுதான். அதனால் காலையிலேயே அடுத்த பிரிவிலிருந்து பத்துப் பேர் காத்திருப்புப் பட்டியல் எழுதி ஒட்டுங்கள், கால் மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவர்களாகப் பார்த்து. மீந்தால் மேலிருந்து கூப்பிடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு பேராவது சேராமல் புதுக் குப்பியைத் திறக்காதீர்கள்.

பாகூர்: வீடு புதுச்சேரியில், வாக்காளர் அட்டை கடலூரில். எங்கே போவது?

எங்கே வேண்டுமானாலும். 2021-ல் இருப்பிடச் சான்று கேட்கவில்லை. ஆதார் இல்லாவிட்டால் ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட் எல்லாம் எடுபட்டன. பட்டியல் எழுதுகிறவர்கள் மட்டும் கவனியுங்கள்: எல்லை ஊர்களில் ஒருவர் இரண்டு பட்டியலிலும் வருவார், அல்லது இரண்டிலும் வரமாட்டார்.

பண்ருட்டி: படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே போடும்போது ஒரு நாளில் எத்தனை வீடு?

குப்பிக்கு நாலு மணி நேரம், அதாவது 240 நிமிடம். ஊசிக்குப் பிறகு 30 நிமிடம் பார்த்திருக்க வேண்டும், வழிக்கும் ஊசிக்கும் பத்து நிமிடம். ஆறு வீட்டுக்கு மேல் ஓடாது. ஐந்து வீடு வைத்து, ஒவ்வொன்றிலும் பராமரிப்பவருக்கும் அப்போதே போட்டுவிடுங்கள்; பத்து டோஸும் தீரும். கேரியரில் நாலு ஐஸ் பேக், குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். கல்லாக இருந்தால் மருந்து உறையும். உறைந்த மருந்தைப் போடக் கூடாது. 30 நிமிடத்தை இருபதாகக் குறைத்து எட்டு வீடு பார்க்கலாமே என்று கேட்காதீர்கள்.

நெய்வேலி: கர்ப்பிணிகள்?

2021 ஜூலை 2 முதல் அனுமதி. பாலூட்டுகிறவர்களுக்கு அதற்கு முன்பே, மே மாதத்தில்.