காபி இடைவேளையும் 6 வருடங்களும்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயினின் மாட்ரிட்டில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஐரோப்பாவில் புற்றுநோய் இறப்பு விகிதம் குறைகிறது என்று ஒரு செய்தி, இறப்பவர்கள் எண்ணிக்கை கூடுகிறது என்று இன்னொரு செய்தி. எது சரி? என்னோடு வேலை செய்யும் 50 வயதுப் பெண்மணி ஒவ்வொரு காபி இடைவேளையிலும் வாசலுக்குப் போய் சிகரெட் பற்றவைப்பார். கேட்டால், “அதுதான் குறைகிறதே” என்கிறார்.

கவிதா

அன்புள்ள கவிதா,

இரண்டும் சரிதான். புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. ஐரோப்பாவில் வயதானவர்கள் பெருகிவிட்டார்கள், அதனால் தலையை எண்ணினால் கூடுகிறது. ஆனால் 1988இல் 65 வயதில் இருந்தவரோடு இன்று 65 வயதில் இருப்பவரை ஒப்பிட்டால், இவர் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு நன்றாகவே குறைந்திருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் இறங்கியதில் ஃபிரிட்ஜுக்குக்கூடப் பங்கு உண்டு. உப்புப் போட்டுப் பதப்படுத்திய மீனும் இறைச்சியும் தட்டில் குறைந்தன. கணையப் புற்றுநோய்தான் இறங்க மாட்டேன் என்கிறது.

உங்கள் தோழி சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. குறைந்திருப்பது ஆண்களின் நுரையீரல் புற்றுநோய். ஸ்பெயின் பெண்களிடம் அது பல வருடங்களாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று பிடிக்கிற சிகரெட்டின் கணக்கு 20, 30 வருடம் கழித்துத்தான் வரும். பிரிட்டனில் பெண்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பரவலாகப் புகைத்தார்கள், அங்கே கணக்கும் முன்னதாகவே வந்தது. ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பெண் புகைப்பதை ஊர் ஏற்கவில்லை. 1975இல் அவர் இறந்த பிறகு கட்டுகள் தளர்ந்தன. படிக்கவும் வேலைக்கும் வெளியே வந்த பெண்களிடம் சிகரெட் கம்பெனிகள் விடுதலையின் அடையாளமாக அதை நீட்டின. அந்தப் பெண்களும், அவர்களைப் பார்த்து வளர்ந்த தங்கைகளும்தான் இப்போது நோய் பிடிக்கும் வயதில் இருக்கிறார்கள். எவ்வளவு பெரிய துரோகம் என்று எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம், உங்கள் தோழியிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் டால் 1951இல் தொடங்கிய ஆய்வு, பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்களை 50 வருடம் தொடர்ந்து கவனித்தது. 50 வயதில் சிகரெட்டை விட்டவர்கள், விடாதவர்களைவிடச் சராசரியாக 6 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். 60இல் விட்டவர்களுக்கும் 3 வருடம் கிடைத்தது. பிறகு பிரிட்டனில் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்விலும் விட்டவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. நாளைக் காபி நேரத்தில் வாசல்வரை அவரோடு போய், அந்த 6 வருடத்தைச் சொல்லுங்கள்.