மங்கிய நீலத்துக்கு வார்னிஷ் மருந்தல்ல

கேள்வி: டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால்காரி' ஓவியத்தைப் பார்த்து வரைந்து ஆயில் பெயின்டிங் பழகுகிறேன். காய்ந்த பிறகு நீல ஏப்ரனும் நிழல் பகுதிகளும் திட்டுத்திட்டாக வெளிறிவிட்டன. வார்னிஷ் அடித்தால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். நிறம் கெடவில்லை. அதிலிருந்த எண்ணெயைக் கீழே உள்ள தளம் (கேன்வாஸில் முதலில் பூசும் அடிப்பூச்சு) உறிஞ்சிக்கொண்டது. பிக்மென்ட், அதாவது நிறப்பொடி மட்டும் மேலே வறண்டு நிற்கிறது. அம்பர் என்ற பழுப்பு கலந்த நிழலிலும் அல்ட்ராமரின் நீலத்திலும் இது சட்டென்று தெரியும். பெயின்டை நீர்க்கவைக்கும் டர்பன்டைனைத் தாராளமாக ஊற்றிக் கலக்கியிருந்தால் இன்னும் மோசம்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும்; அல்ட்ராமரினுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) அரை டீஸ்பூன், டர்பன்டைன் அரை டீஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். மூல ஓவியமே 45.5 × 41 செ.மீ.தான் என்பதால் இதுவே மிஞ்சும். நூல் பிரியாத பருத்தித் துணியில் தொட்டு, மங்கிய இடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்தால் நீலம் கண்ணெதிரே ஆழமாகும். பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். தங்கிய எண்ணெய் பிசுபிசுக்கும், பின்னாளில் மஞ்சளாகும். துடைத்ததும் அதன்மேல் அடுத்த பூச்சைப் போடலாம்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. எண்ணெய் தொடும் முன் உலர்ந்த வெள்ளைத் துணியால் அந்த இடத்தை லேசாகத் துடைத்துப் பாருங்கள். துணியில் நீலப் பொடி வந்தால், நிறத்தைப் பிடித்துவைக்கவே எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். அங்கே எண்ணெய் தேய்த்தால் பளபளப்பு வரும், பிடிப்பு வராது. மேலே போடும் அடுக்கும் சேர்ந்தே உரியும். பேலட் நைஃபால் சுரண்டுங்கள். பொடி வருவது நிற்கும்வரை சுரண்டி, துடைத்து, டர்பன்டைன் கலக்காமல் டியூபில் வரும் பெயின்டையே பூசுங்கள். இரண்டு விரல் அகலம்தானே என்று விட்டால், அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

வார்னிஷ், படம் முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காய்ந்த பிறகுதான். அடுக்குகளுக்கு நடுவே அது மாட்டிக்கொண்டால், பிற்காலத்தில் படத்தைச் சுத்தம் செய்யும்போது கரைந்து மேல் பூச்சையும் இழுத்துக்கொண்டு வரும்.

'டச்சு மாஸ்டர்களின் ரகசிய மீடியம்' என்று, பெயின்டில் கலக்க ஒரு பாட்டிலைக் கடையில் நீட்டுவார்கள். பணத்தை வீணாக்காதீர்கள், அந்த ஓவியர்கள் பெரும்பாலும் சாதாரண லின்சீட் எண்ணெயில்தான் வரைந்தார்கள். வெர்மீர் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்த நீலத்தைப் பயன்படுத்தியது உண்மை. அதற்காக அந்தக் கல்லின் பெயரைச் சொல்லி விற்கும் விலை உயர்ந்த டியூப் உங்களுக்கு எதற்கு? செயற்கை அல்ட்ராமரின் 1820-களிலேயே வந்துவிட்டது. டியூபில் அதன் பிக்மென்ட் குறியீடான 'பிபி29' (PB29) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் குறியீட்டைக்கூட அச்சிடாமல் மாணவர் ரக பெயின்டை இன்னும் விற்கிறார்கள், கேட்பாரில்லை. வகுப்புகளிலும் முதல் நாளே பிரஷைக் கொடுத்துவிடுகிறார்கள். தளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கோளாறு தொடங்குவதே தளத்தில்தான். அடுத்த கேன்வாஸ் வாங்கியதும், சட்டத்தில் மடிந்த ஓரத்தில் ஒரு சொட்டு லின்சீட் ஆயில் விடுங்கள். சில நிமிடத்தில் உள்ளே இறங்கிவிட்டால், அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சை இன்னும் இரண்டு கோட் அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். எண்ணெய் பட்ட ஓரத்தில் மட்டும் ஜெஸ்ஸோ வேண்டாம், ஒட்டாது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடு ஏறி, துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள்.