பிரேக் போட்ட கார் பின்னால் போகாது

கேள்வி: மக பிளஸ் ஒன் படிக்கறாளுங்க. நேர்க்கோட்டு இயக்கத்துல ஃபார்முலா எல்லாம் கடகடன்னு ஒப்பிக்கறா, கணக்குன்னு வந்தா தப்பாயிடுது. முடுக்கத்துக்கு மைனஸ் போடறதா வேண்டாமான்னே தெரியலைங்கறா. நூறு ஷார்ட்கட் சொல்லித் தர்றோம்னு ஒரு கோச்சிங் சென்டர்ல எட்டாயிரம் கேக்கறாங்க. சேத்தலாங்களா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போதைக்குப் பணத்தைக் கட்டாதீர்கள். மாறாத முடுக்கத்துக்கு மூன்று சமன்பாடுகள் போதும். அவை உங்கள் மகளுக்கு மனப்பாடம். எதை எப்போது எடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

திசைவேகம் (எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்பது) விநாடிக்கு எவ்வளவு மாறுகிறதோ, அதுதான் முடுக்கம். மைனஸ் என்பது திசையைச் சொல்லும் குறி மட்டுமே. கணக்கைத் தொடங்குமுன் ஒரு கோடு வரைந்து, ஒரு பக்கம் அம்புக்குறி இட்டு, அதன்மேல் பிளஸ் என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு எதிர்ப்பக்கம் போவதெல்லாம் மைனஸ். 'மைனஸ் முடுக்கம் என்றால் வேகம் குறையும்' என்று சில கைடுகளில் அச்சடித்தே விற்கிறார்கள். அது தவறு. மேல்நோக்கி பிளஸ் என்று வைத்துக்கொண்டு ஒரு கல்லை மேலே எறிந்தால், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் முடுக்கம் −9.8 தான். ஆனால் ஏறும்போது வேகம் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. திசைவேகத்துக்கும் முடுக்கத்துக்கும் ஒரே குறி இருந்தால் வேகம் கூடும், வேறு வேறு குறி என்றால் குறையும்.

அடுத்து, யூ (u, தொடக்கத் திசைவேகம்), வி (v, இறுதித் திசைவேகம்), ஏ (a, முடுக்கம்), எஸ் (s, தூரம்), டி (t, நேரம்) என்ற ஐந்தையும் ஓரமாக எழுதி, கேள்வியில் உள்ள எண்களை எதிரே நிரப்ப வேண்டும். மூன்று தெரிந்திருக்கும், ஒன்றைக் கேட்டிருப்பார்கள், மிச்சம் ஒன்று பேச்சிலேயே வராது. அந்த வராத ஒன்றுதான் வழிகாட்டி. நேரம் வராவிட்டால் மூன்றாவது சமன்பாடு (v² = u² + 2as). தூரம் வராவிட்டால் முதல் சமன்பாடு (v = u + at). இறுதித் திசைவேகம் வராவிட்டால் இரண்டாவது (s = ut + ½at²). 'ஐந்தாவது விநாடியில் கடந்த தூரம்' என்று கேட்டால் 5 விநாடித் தூரத்திலிருந்து 4 விநாடித் தூரத்தைக் கழித்தால் முடிந்தது. இதற்குத் தனி ஃபார்முலா என்று காசு வாங்குவது அநியாயம்.

கி.மீ./மணியை 5/18-ஆல் பெருக்கி மீட்டர்/விநாடியாக மாற்றிய பிறகுதான் மற்ற வேலை.

இனி, நல்ல மாணவர்களையும் கவிழ்க்கும் கணக்கு ஒன்று. பெருந்துறை பைபாஸில் மணிக்கு 72 கி.மீ., அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் கார் பிரேக் போடுகிறது. முடுக்கம் −4. பிரேக் போட்டு 8 விநாடியில் எவ்வளவு தூரம் போயிருக்கும்? இரண்டாவது சமன்பாட்டில் அப்படியே போட்டால் 160 − 128 = 32 மீட்டர். விடை தவறு. 20-ஐ 4-ஆல் வகுத்துப் பாருங்கள், கார் 5 விநாடியிலேயே நின்றுவிட்டது. அதற்குள் 100 − 50 = 50 மீட்டர் போய்விட்டது. 8-ஆவது விநாடியிலும் 50 மீட்டரில்தான் நிற்கிறது. சமன்பாட்டுக்குக் கார் நின்றது தெரியாது. அதே முடுக்கம் தொடர்வதாக எண்ணி, காரைப் பின்னோக்கி ஓட்டிவிடுகிறது. 10 விநாடி என்று போட்டால் விடை பூஜ்யம், கார் கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டதாம்! மேலே எறிந்த கல்லில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் உச்சியில் நின்ற நொடியிலும் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டே இருக்கிறது. கார் நின்றதும் பிரேக்கின் இழுப்பு நின்றுவிடுகிறது. ஆகவே பிரேக் கணக்கு எதுவானாலும் முதலில் எத்தனை விநாடியில் நிற்கிறது என்று பார்த்தே தீர வேண்டும்.

இதையெல்லாம் பள்ளியிலேயே நிதானமாகக் கற்பித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தை ஓட்டும் பழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025-26இல் அதை எடுத்தும் விட்டார்கள். பழக்கம் ஒழிந்தபாடில்லை. அவசரமாக ஓட்டிய பாடத்தின் ஓட்டையை அடைக்கிறோம் என்று, ரிசல்ட் வாரத்தில் பள்ளி வாசலிலேயே நோட்டீஸோடு கோச்சிங் சென்டர் ஆட்கள் நிற்கிறார்கள். ஆள் சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. முன்பணம் கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அப்படியும் சேர்த்துத்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். அந்த 8 விநாடிக் கணக்கை உங்கள் மகள் அங்கே கேட்கட்டும். சார் 32 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனால், எட்டாயிரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.